ஜப்பானில் இறுதி நேர்காணல்: சுற்றுலா விசாவில் போய்வரலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

வயது 29. பி.இ. மெக்கானிக்கல். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 5 ஆண்டுகளாக பிரஸ் டூல் டிசைனர், அதாவது தகட்டை அழுத்தி வடிவமைக்கும் டை என்னும் அச்சுகளை வடிவமைப்பவர். ஜப்பானிய மொழித் தேர்வில் நடுத்தர நிலையான என்3 தேறியவர். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துடன் இணையம் வழியாக இரண்டு சுற்று முடிந்து, இறுதிச் சுற்றுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். விமானக் கட்டணமும் 3 இரவு தங்கும் செலவும் நிறுவனத்துடையது. நேர்காணலோடு அரை நாள் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவார்கள், வரைபடம் வைத்து ஒரு சிறு தேர்வும் உண்டு. அறிமுகப்படுத்திய ஏஜென்ட் இவரிடம் இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறார். “சுற்றுலா இ-விசா எடுங்க, ஏர்போர்ட்ல ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க, செலக்ட் ஆனா அங்கேயே இருந்து வேலை விசாவா மாத்திக்கலாம். இங்க வேலையை இப்பவே விட்டுடுங்க” என்பது அவர் யோசனை. இப்போதைய வேலையில் நோட்டீஸ் காலம் 90 நாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது 14 மாதம் வேலையில் இல்லை, அதை மறைப்பதா சொல்வதா என்று குழப்பம். சைவ உணவு, கையில் கயிறு, நெற்றியில் திருநீறு. மனைவியை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். அறைக்குள் எப்படி நடப்பது, என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் ஒரு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். விசாவில் சறுக்கினால் திருத்துவது கடினம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நேர்காணலுக்குப் போய்வருவது ஒரு பயணம், வேலையில் சேரப் போவது இன்னொரு பயணம். இரண்டுக்கும் விசா வேறு, காகிதங்கள் வேறு, நடுவே சில மாத இடைவெளியும் உண்டு. உங்கள் ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கிறார். அதற்கு விலை கொடுக்கப்போவது நீங்கள்.

எந்த விசா

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் ஜப்பான் வழங்கும் இ-விசா சுற்றுலாவுக்கு மட்டுமே. நிறுவனம் அழைத்து, அதுவே செலவையும் ஏற்று, நேர்காணல், தொழிற்சாலைப் பார்வை என்று நிகழ்ச்சி நிரலும் போட்டுத் தரும் பயணம் சுற்றுலாவில் அடங்காது. குறுகிய காலத் தங்கல் விசாவிலேயே வணிக நோக்கப் பிரிவு ஒன்று இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள். சம்பளம் வாங்காதவரை, நேர்காணலில் கலந்துகொள்வது அந்தத் தங்கலில் அனுமதிக்கப்பட்ட செயல்தான். மறைக்க வேண்டியது எதுவுமே இல்லாத இடத்தில் பொய் சொல்லச் சொல்கிறார் உங்கள் ஏஜென்ட்.

நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் நான்கு ஆவணங்கள் கேளுங்கள். அழைப்பதற்கான காரணக் கடிதம் (ஷோஹெய் ரியூஷோ), நாள்வாரித் தங்கல் திட்டம் (தாய்சாய் யோதெய்ஹியோ), உத்தரவாதக் கடிதம் (மிமோதோ ஹோஷோஷோ), நிறுவனப் பதிவுச் சான்று. இந்தப் பெயர்களைச் சொன்னாலே அவர்களுக்குப் புரியும், வெளிநாட்டவரை அழைக்கும் நிறுவனங்களுக்கு இது வாடிக்கையான வேலை. உங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட், விண்ணப்பம், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டுகள். வணிகப் பயணம் என்றால் வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதமும் கேட்பது வழக்கம். வேறு வேலை தேடிப் போகும் உங்களால் அதைத் தர முடியாது. அதற்குப் பதிலாக, நேர்காணலுக்குப் போகிறேன் என்று நீங்களே கையெழுத்திட்ட விளக்கக் கடிதத்தை வையுங்கள். போதுமா என்று விசா மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரு பக்கம்தானே என்று அங்கே போய்விட வேண்டாம். தமிழ்நாட்டு முகவரிக்காரர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள்.

இதில் சறுக்கல் பெரும்பாலும் சின்ன முரண்களில்தான் நடக்கும். அழைப்புக் கடிதத்தில் 12 முதல் 15 வரை என்றிருக்கும், டிக்கெட் 11 முதல் 17 வரை இருக்கும். திட்டத்தில் ஒரு ஓட்டல், முன்பதிவில் இன்னொரு ஓட்டல். அனுப்பும் முன் எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி, பெயர், முகவரி மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒருமுறை மறுக்கப்பட்டால் அதே நோக்கத்துக்கு 6 மாதம் வரை மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பது பொது விதி. குறையில்லாத விண்ணப்பத்துக்குப் பொதுவாக 5 வேலை நாள் ஆகும் என்றாலும் மூன்று வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜப்பானில் இறங்கியதும் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். அதிகாரி பையைத் திறந்து பார்த்தால் உள்ளே கோட்டு சூட்டும் ரெஸ்யூமேயும் நிறுவனத்தின் கடிதமும் இருக்கும். வாயில் ஒன்று, பையில் ஒன்று என்றால் நுழைவையே மறுக்கலாம். அந்தப் பதிவு, பின்னால் நீங்கள் வேலை விசா கேட்கும்போதும் எதிரே வந்து நிற்கும். அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஆபத்தான பேச்சு. குறுகிய காலத் தங்கலிலிருந்து வேறு தகுதிக்கு மாற, தவிர்க்க முடியாத சிறப்புக் காரணம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பித் திட்டம் போட முடியாது. குறுகிய கால விசாவில் வேலை செய்து பிடிபட்டு நாடு கடத்தப்பட்டால் 5 ஆண்டுகள் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொன்று. அரை நாள் தொழிற்சாலைப் பார்வையும் எழுத்துத் தேர்வும் சரி. “இரண்டு நாள் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்து பாருங்கள், தினப்படி தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அது வேலை என்ற கணக்கில் போய்விடும். விசா அனுமதிக்காது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பயணச் செலவைத் திருப்பித் தருவது சம்பளம் ஆகாது. அதற்கு போர்டிங் பாஸையும் எல்லா ரசீதுகளையும், அவர்கள் மொழியில் ரியோஷூஷோ, பத்திரப்படுத்துங்கள்.

வேலையை எப்போது விடுவது

இப்போது விடாதீர்கள். நேர்காணல் நன்றாகப் போனால் முதலில் வருவது நய்தெய் எனப்படும் தேர்வு அறிவிப்பு. அதன் பிறகு நிறுவனம் ஜப்பானிலுள்ள குடிவரவு அலுவலகத்தில் உங்கள் பெயரில் தங்கல் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். சிஓஇ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பொதுவாக 1 முதல் 3 மாதம் ஆகும். பொறியாளர் பிரிவில், செய்யப்போகும் வேலைக்குத் தொடர்புள்ள பட்டமோ 10 ஆண்டு அனுபவமோ கேட்பார்கள். அதே வேலைக்கு ஜப்பானியருக்குத் தரும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பதும் விதி. மெக்கானிக்கல் பட்டமும் டை டிசைன் வேலையும் நேராகப் பொருந்துவதால் இதில் உங்களுக்குச் சிக்கல் தெரியவில்லை. சான்றிதழ் வந்ததும் அதை வைத்துச் சென்னையில் வேலை விசா வாங்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் 90 நாள் நோட்டீஸ் இடிக்கிறது. சிஓஇ வெளியான நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும், அதற்குள் விசா பெற்று ஜப்பானுக்குள் நுழைந்தாக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ராஜினாமா கொடுத்தாலும், நோட்டீஸ் முடிகிறபோது சான்றிதழும் காலாவதியாகும். ஆகவே இறுதிச் சுற்றில் “எப்போது சேர முடியும்” என்று கேட்கும்போது 90 நாள் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் சேரும் தேதியை மாதக்கணக்கில் முன்பே திட்டமிடுபவை. சேரும் தேதியை வைத்து, விண்ணப்பிக்கும் நாளை அவர்களால் பின்னோக்கிக் கணக்கிட முடியும். உங்கள் பக்கம், நியமன ஆணையை எடுத்து நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி விலகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 90 நாள் 60 ஆனால், சான்றிதழ் வந்த பிறகே ராஜினாமா கொடுத்து, விசாவுக்கும் பயணத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் மிச்சம் வைக்கலாம். நய்தெய் வந்த சந்தோஷத்தில் ராஜினாமா செய்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

இரண்டரை லட்சம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் வேலை தேடுபவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பான் பக்கத்திலும், வேலைவாய்ப்பு முகவர்கள் உங்களைப் போன்ற வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, பணம் கொடுப்பது ஆள் எடுக்கும் நிறுவனம்தான். எனவே ஏஜென்டிடம் பதிவு எண், எதற்கு எவ்வளவு என்ற எழுத்து விவரம், ரசீது மூன்றையும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். அவர் அந்த மூன்றையும் தர மறுத்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். நிறுவனம் உங்களோடு நேரடியாக மின்னஞ்சலில் பேசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். “உங்கள் ஏஜென்ட் என்னிடம் கட்டணம் கேட்கிறார், இது உங்களுக்குத் தெரியுமா” என்று அவர்களிடமே மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. பல நிறுவனங்கள் இதை விரும்பமாட்டா; உடனே தலையிடும்.

பெயரும் அந்த 14 மாதமும்

நம் ஊர்ப் பெயர்களுக்கு ஜப்பானியப் படிவங்கள் கொஞ்சம் சோதனைதான். குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். உங்கள் பாஸ்போர்ட்டில் முதலாவது காலி. பட்டச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் இனிஷியலே இல்லை. பயணத்துக்கு முன் அவசரமாகப் பாஸ்போர்ட்டை மாற்றப் போகாதீர்கள். விசா விண்ணப்பம், டிக்கெட், நிறுவனத்தின் கடிதங்கள் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், முன்பதிவுக்கு முன் கேளுங்கள். இனிஷியலோடு இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிஓஇ நேரத்தில் கேட்க வாய்ப்புண்டு. குடும்பப் பெயர் சேர்ப்பதாக இருந்தால் நேர்காணல் முடிந்து, சிஓஇ விண்ணப்பத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கதகனா எழுத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து, பிறகு எங்கும் மாற்றாதீர்கள்.

உங்களைப் பற்றி நிறுவனம் கேட்கும் தாள்கள் இரண்டு. ரிரெகிஷோ என்பது படிவம்: படிப்பு, வேலை, தேதிகள், 3 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் கொண்ட, மூன்று மாதத்துக்குள் எடுத்த புகைப்படம். ஷொகுமு கெய்ரெகிஷோ என்பது செய்த வேலையின் விவரம். முதலாவதில் மாதமும் ஆண்டும் வரிசையாக வருவதால் 14 மாத இடைவெளி பளிச்சென்று தெரியும். ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக எழுதினால் முழுக்க அப்படியே எழுதுங்கள். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கான ரெய்வாவோடு கலக்காதீர்கள்.

இடைவெளியை மறைக்க வேண்டாம். தேதியைத் திருத்தி எழுதி, அது பின்னால் அனுபவச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால், பொய்த் தகவல் என்று வேலையே போகும். “காசோகு நோ கைகோ நோ தமே”, அதாவது குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காக, என்று ஒரு வரி போதும். முதியோர் மிகுந்த ஜப்பானில், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவது சமூகமே பேசும் பிரச்சினை, அதற்கென்று சட்டப்படி 93 நாள் விடுப்புகூட உண்டு. உங்களைத் தாழ்வாக நினைக்கமாட்டார்கள். அவர்கள் மனத்தில் எழும் அடுத்த கேள்வி, “இவர் மறுபடியும் பாதியில் போய்விடுவாரா” என்பதுதான். அப்பா இப்போது எப்படி இருக்கிறார், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இரண்டு வாக்கியத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அறைக்குள்

கட்டடத்துக்கு வெளியிலேயே மேல்கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் 5 முதல் 10 நிமிடம் முன்னதாக இருந்தால் போதும். அரை மணி முன்னால் போய் நின்றால் அவர்களுக்குத்தான் தொந்தரவு. கதவை மூன்று முறை தட்டி, அழைத்ததும் “ஷித்சுரெய் ஷிமாசு” (உள்ளே வருகிறேன், மன்னிக்கவும்) என்று சொல்லி உள்ளே போய், முதுகைக் காட்டாமல் கதவைச் சாத்துங்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பெயர் சொல்லி, “யொரோஷிகு ஒனெகாய் இதாஷிமாசு” (தயவுசெய்து ஆதரவு தாருங்கள்) என்று சொல்லி முடித்த பிறகு குனியுங்கள். பேசிக்கொண்டே குனிவது, குனிந்தபடி எதிரில் இருப்பவரைப் பார்ப்பது இரண்டும் அரைகுறையாகத் தெரியும். இடுப்பிலிருந்து 30 டிகிரி, முதுகு நேராக, ஒரு கணம் நின்று நிமிருங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். பை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருக்கட்டும், மேஜைமேல் வேண்டாம். விசிட்டிங் கார்டு கொடுத்தால் இரு கையாலும் வாங்கிப் படித்து மேஜைமேல் வையுங்கள். சட்டைப் பையில் செருக வேண்டாம்.

நம்மவர்கள் அறியாமல் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது நமக்கு “சரி, சரி”. ஜப்பானியருக்கு அது மறுப்பாகவோ குழப்பமாகவோ தெரியும். கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள், எத்தனை முறை ஆட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும். மேலும் கீழுமாக ஒருமுறை, கூடவே “ஹாய்” (ஆம்) என்ற சொல், இது போதும். அதேபோல் அவர்கள் “ஹாய், ஹாய்” என்று சொன்னால் கேட்கிறோம் என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு நிமிட சுய அறிமுகம், இந்த நிறுவனம் ஏன், இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள், பலம் பலவீனம், கடைசியில் நீங்கள் கேட்கும் கேள்விகள்: இந்த ஐந்தும் கட்டாயம் வரும். முடிவை முதலில் சொல்லிக் காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். நிறுவனத்தைப் பேச்சில் “ஒன்ஷா” என்றும் எழுத்தில் “கிஷா” என்றும் குறிப்பிடுவார்கள். பழைய மேலாளரைக் குறை சொல்லாதீர்கள். “ஜப்பான் கலாச்சாரம் பிடிக்கும்” என்பது காரணம் ஆகாது. அவர்களது எந்தப் பாகத்தின் டை உங்களைக் கவர்கிறது என்று சொல்லுங்கள். என்3 நிலையில் சில கேள்விகள் புரியாமல் போகும், அது இயல்பு. புரிந்ததுபோல் பதில் சொல்வதுதான் கெடுக்கும். “மோஷிவாகே கோசாய்மாசென், மோ இச்சிதோ ஒனெகாய் தெகிமாசு தெஷோ கா” (மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா) என்பதை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பின் அவர்கள் சில விநாடி பேசாமல் இருந்தால் பதறிப்போய் மேலும் பேசாதீர்கள், யோசிக்கிறார்கள்.

வரைபடத் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பக்கத்தின் தோற்றம் எங்கே வரையப்படுகிறது என்று காட்டும், மூலையில் இருக்கும் புரொஜெக்‌ஷன் குறி. இந்தியத் தரநிலையில் நாம் கல்லூரியில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள், ஜப்பானியத் தரநிலையில் தேர்ட் ஆங்கிள். பதற்றத்தில் இதைத் தவறவிட்டால் துளை எதிர்ப்பக்கம் போய்விடும், அதன் பிறகு எவ்வளவு அழகாக வரைந்தும் பயனில்லை. அடுத்தது எஃகு வகைகளின் பெயர். நீங்கள் டி2 என்பதை அவர்கள் எஸ்கேடி11 என்பார்கள். ஈஎன்8-க்கு நெருங்கியது எஸ்45சி. குளிர் உருட்டல் தகடு எஸ்பிசிசி, சூடான உருட்டல் எஸ்பிஎச்சி. கனகாதா (டை), சுமென் (வரைபடம்), கோசா (டாலரன்ஸ்), பாரி (பிசிறு), ஜுன்சோ கனகாதா (புரோக்ரெசிவ் டை) போன்ற முப்பது நாற்பது சொற்களை உங்கள் சொந்த வேலையிலிருந்தே பட்டியல் எடுங்கள். பிசிறு வந்ததா, டையின் பாகங்களுக்கு இடையிலான கிளியரன்ஸை எவ்வளவு மாற்றினீர்கள், அதற்குப் பிறகு பிரஸ்ஸின் எத்தனை அடிவரை டை தாங்கியது என்று ஒரு பிரச்சினையை எண்களோடு சொல்லத் தெரிந்தால் இலக்கணப் பிழைகளை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இப்போதைய நிறுவனத்தின் வரைபடம் எதையும் காட்டுவதற்காக எடுத்துப்போக வேண்டாம். ரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கயிறும் திருநீறும்

திருநீறு உங்கள் விருப்பம். வைத்துக்கொண்டு போவதால் சட்டப்படி யாரும் உங்களை ஒதுக்கக் கூடாது. மதம், குடும்பப் பின்னணி, பிறந்த ஊர் போன்றவற்றை நேர்காணலில் கேட்க வேண்டாம் என்று ஜப்பானியத் தொழிலாளர் நல அமைச்சகமே நிறுவனங்களுக்கு அறிவுறுத்துகிறது. நடைமுறையில் அது என்னவென்று தெரியாமல் நேர்காணல் எடுப்பவர்கள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மெல்லிய கீற்றாக இட்டுப் போவது ஒரு வழி. கயிறு மட்டும் வேறு விஷயம். தொழிற்சாலைக்குள் அது பாதுகாப்புப் பிரச்சினை, இயந்திரம் இருக்கும் இடத்தில் மோதிரமும் கயிறும் கழற்றச் சொல்வார்கள். முன்னாலேயே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் காலணிக்கு அளவு கேட்டால் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும், குதிகாலிலிருந்து விரல் நுனிவரை அளந்து கொண்டு போங்கள். காலணி கழற்றும் இடங்கள் உண்டு, ஓட்டையில்லாத சாக்ஸ் முக்கியம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. இனிப்புப் பெட்டி, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

பயணமும் சாப்பாடும்

நேர்காணலுக்கு முந்தின நாளாவது போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது; காலை 9 மணி நேர்காணல் உங்கள் உடம்புக்கு விடிகாலை 5:30. நாகோயாவின் சுபு விமான நிலையத்திலிருந்து மெய்தெத்சு நிறுவனத்தின் மியூ ஸ்கை ரயில் 28 நிமிடத்தில் நாகோயா நிலையத்தில் விடும். அங்கே ஜேஆர், மெய்தெத்சு, சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் நுழைவாயில் தனித்தனி. முந்தின நாளே நிறுவன வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ரயில் தாமதமானால் குறித்த நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு, நிலையத்தில் “சியென் ஷோமெய்ஷோ” என்னும் தாமதச் சான்றை வாங்கிப் போங்கள்.

விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களைக் கிளம்பும் முன்பே நிரப்பலாம். நோக்கம் கேட்டால் வணிகம் என்று குறித்து, அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது அங்கே சட்டக் கடமை. மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி பிளக். மருந்தில் கவனம் தேவை: கோடீன் கூடுதலாக உள்ள இருமல் மருந்தும், சூடோஎபிட்ரின் கூடுதலாக உள்ள சளி மாத்திரையும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதால் பலரும் யோசிக்காமல் பையில் போட்டுவிடுகிறார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவை தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் நுழைய முடியாது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி போன்றவை கொண்டு போகலாம்.

சைவம் என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாத சூப் வரும், ஆனால் அதன் அடிச்சாறு மீனில் எடுத்ததாக இருக்கும். மிசோ சூப், உதோன், சோபா என்னும் நூடுல்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் கத்சுவோ மீன் சாறு சாதாரணம். “நிகு மோ சகானா மோ தபெமாசென், கத்சுவோ தாஷி மோ தமே தெசு” (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், கத்சுவோ சாறும் கூடாது) என்று சொல்லுங்கள். கடைகளில் கைப்பேசிக் கேமராவில் லேபிளை மொழிபெயர்த்துப் பாருங்கள். உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டை, வாழைப்பழம், பொட்டலச் சாதம் எங்கும் கிடைக்கும். நிறுவனத்தார் இரவு உணவுக்கு அழைப்பதாக இருந்தால் கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்கள் சங்கடப்படுவார்கள்.

தேர்வானால்

கையெழுத்துக்கு முன் “ரோதோ ஜோகென் த்சூச்சிஷோ” எனப்படும் பணி நிபந்தனைத் தாளைக் கேளுங்கள், எழுத்தில் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. சொல்லும் சம்பளம் பிடித்தங்களுக்கு முந்தையது. ஓய்வூதியத்துக்கு மட்டும் உங்கள் பங்கு 9.15 சதவீதம், காப்பீடு, வரி எல்லாம் போக முக்கால் பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்குவரை கைக்கு வரும். உள்ளூர் வரி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு ஜூனில்தான் தொடங்கும் என்பதால், அப்போது கையில் வரும் தொகை குறைந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஓவர்டைம் சம்பளத்துக்குள்ளேயே அடக்கமா, அடக்கமென்றால் எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு அபராதம் என்ற நிபந்தனையைத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை செய்கிறது. பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

உங்கள் மனைவி குடும்பத் தங்கல் என்ற தகுதியில் வரலாம். இருவருக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க முடியும் என்றாலும், நீங்கள் போய் வீடு பார்த்து, முகவரி பதிந்த பிறகு அவருக்கு விண்ணப்பிப்பது சுலபமாக இருக்கும். தனி அனுமதி வாங்கினால் அவர் வாரம் 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். திருமணப் பதிவுச் சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் வாங்க நாளாகும், அந்த வேலையை நேர்காணல் முடிவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கிவிடலாம்.